மாதத்தில் இரண்டு முறை தூரம்

எனக்கு அறிவுரை சொல்ல ரொம்பப் பிடிக்கும், கேட்கத்தான் பிடிக்காது. எங்கள் குடியிருப்பு இளம்பெண்கள் நாலைந்து பேர் வந்து, "ஆன்டி, எங்க மீட்டிங்கில மாடர்ன் பெண்களுக்கு ஏதாவது அட்வைஸ் சொல்லணும்" என்றதும் முட்டி வலியை மறந்து எழுந்துவிட்டேன். மேடையேறிச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "உங்களை ஒதுக்கிவைக்க யாராவது ஓர் அறையைக் காட்டினால், சண்டை போடுவதற்கு முன்னால், உள்ளே ஃபேன் மாட்ட இடமிருக்கிறதா என்று பாருங்கள்." பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், பாவம் வயதாகிவிட்டது என்கிற முகத்தோடு கை தட்டினார்கள். விளக்கம் சொல்ல அங்கே நேரம் தரவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

எழுபதுகளில், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்குள், கோவிலைச் சுற்றியுள்ள அக்கிரகாரத் தெரு ஒன்றுக்கு நான் மருமகளாக வந்து சேர்ந்தேன். எனக்கு அரசாங்க ஆபீசில் கிளார்க் வேலை. வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். வாசலில் தொடங்கி ஒவ்வொரு கட்டாகக் கடந்து போனால் கடைசியில் கிணற்றடி, அதை ஒட்டி ஓர் அறை. அந்த அறைக்கு ஒரே உபயோகம்தான். மாதவிலக்கான பெண் அங்கே போய் உட்காரவேண்டும். அதற்கு எங்கள் தெருவில் "ஆத்துக்கு தூரம்" என்று பெயர். தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். சாப்பாட்டை நிலைப்படியில் வைத்துத் தள்ளிவிடுவார்கள். சமையலறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் மறுபடியும் மனுஷி.

அது நல்ல வழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. வயிற்று வலியோடு மழைக்காலத்தில் சில்லென்ற சிமென்ட் தரையில் சுருண்டு கிடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அதில் ஒரு நியாயமாவது உண்டா என்றால் அதுவும் கிடையாது. அந்த மூன்று நாளும் நான் கொல்லைக் கதவு வழியாக ஆபீசுக்குப் போவேன். பஸ்ஸில் பாதி ஊரை இடித்துக்கொண்டு போவேன். பெரிய அதிகாரிகள் கையெழுத்துப் போடும் காகிதத்தையெல்லாம் தொடுவேன். சாயங்காலம் திரும்பி வந்தால் மாவடு ஜாடியைத் தொடக்கூடாது. நான் தொட்டால் அரசாங்கம் தாங்கும், மாவடு தாங்காது.

ஆபீசில் மேலே போகவேண்டும் என்றால் டிபார்ட்மென்ட் டெஸ்ட் பாஸாக வேண்டும். சர்வீஸ் விதிகள், கணக்கு விதிகள் என்று செங்கல் செங்கலாகப் புத்தகங்கள். முதல் தடவை அவற்றைச் சமையலறையில் வைத்துப் படித்தேன். ஒரு விதியைப் படித்து முடிப்பதற்குள் பால் பொங்கும். பால் அடங்கினால் மாமனாருக்கு வெந்நீர் வேண்டும். லீவு விதிகள் இருந்த பக்கத்தில் தோசை மாவு கொட்டி, காய்ந்து, இரண்டு பக்கமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. பரீட்சையில் பெரிய கேள்வி அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஃபெயிலானேன்.

என் கணவரின் அக்கா கரமனையில் இருந்தாள். செய்தி கேட்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"ஆத்தையும் பாக்கலை, ஆபீசையும் பாக்கலை, எதுக்கு இந்தக் கோலம்? இன்னும் ஒரு தடவை எழுதட்டும். அதுலயும் தோத்தா வேலையை விட்டுட்டு ஆத்தோட இருக்கட்டும், கேட்டயா" என்றாள்.

கேட்டயா என்றது தன் தம்பியிடம். என் கணவர் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களுக்கே உள்ள வியாதி அவருக்கும் இருந்தது, யார் எது சொன்னாலும் தலையாட்டுவார். அன்றைக்கும் ஆட்டினார். என் வேலை அந்தத் தலையாட்டலில் தொங்கியது.

எனக்கு அந்த வேலை உயிர். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. வீட்டில் நான் "அடியே", "இவளே", "ஏய் இங்க பாரு". ஆபீசில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். என் பெயர் எனக்கே மறந்துபோகாமல் பார்த்துக்கொண்டது அந்த ஆபீஸ்தான். 

அடுத்த மாதம் நான் தூரமானபோது முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்து தொலைத்தது. ஆபீஸ் கிடையாது. பொழுது போகாமல் விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் படித்தேன், யாரும் கூப்பிடவில்லை. பத்துப் பக்கம் படித்தேன், அப்போதும் கூப்பிடவில்லை. மத்தியானத்துக்குள் ஒரு அத்தியாயமே முடிந்துவிட்டது. அப்போது சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. தேங்காய் யார் அரைப்பா? டேய், நீ வா இங்க."

கூப்பிட்டது தன் பிள்ளையை. கொஞ்ச நேரத்தில் அம்மிக் குழவி உருண்டது. நன்றாக ஒரு தாளம், நடுவில் ஒரு "ஸ்ஸ்", விரல் நசுங்கியிருக்கும், மறுபடியும் தாளம். அந்த ஊரில் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன், இவ்வளவு இனிமையான சங்கீதம் என் காதில் விழுந்ததில்லை. மாதத்தில் மூன்று நாள் இப்படிப் படிக்க முடியும் என்றால், ஆறு நாளாக ஏன் இருக்கக்கூடாது என்று அப்போதுதான் தோன்றியது.

நினைப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டது. அது ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிடைத்தது. என்னோடு அதே டெஸ்ட் எழுதுகிறவள் ஒருத்தி, விழிஞ்ஞத்துக்காரி, வேதக்காரப் பெண். என் அறையைப் பற்றிச் சொல்லிப் புலம்பினேன். அவள் என்னைப் பொறாமையோடு பார்த்தாள்.

"எடீ, உனக்கு பாக்கியமாக்கும். எங்க வீட்டில அப்படி ஒரு ரூமே இல்ல. காய்ச்சலில விறைச்சாலும் மீன் நான்தான் கழுவணும். அதனால நான் செவ்வாய்க்கிழமை தோறும் மாதா கோயில் நொவேனாவுக்குப் போறேன். பிரார்த்தனை கழிஞ்சா அதே பெஞ்சில உக்காந்து படிப்பேன். மாதாவுக்கு இதுவரைக்கும் ஒரு எதிர்ப்பும் இல்ல."

ஆபீசைப் பெருக்க வருகிறவள் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தாள்.

"எனக்கு ரூமும் வேண்டாம், கோயிலும் வேண்டாம்க்கா. எனக்கு அம்மன் உண்டுல்லா. வெள்ளிக்கிழமை எம் மேல வந்து எறங்குவா. 'நாளைக்கு இவ அடுப்பத் தொடப்பிடாது'ன்னு சொல்லுவா. எங்க வீட்டுக்காரரு நடுங்கிப்போயி கஞ்சி வச்சித் தருவாரு."

அம்மன் நிஜமாகவே வருகிறாளா என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பெண் தினமும் மூன்று மாடி பெருக்குகிறாள். வந்து இதைக்கூடச் செய்யாவிட்டால் அப்புறம் என்ன அம்மன்?

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமைக் காலை, சமையலறை வாசலில் நின்று மாமியாரிடம் சொன்னேன். "அம்மா, நான் ஆத்துக்கு தூரம்."  என் மாமியார் அதிகம் பேசாதவள். வரிசையாகப் பெற்று, வரிசையாக வளர்த்து, பேச்செல்லாம் குழந்தைகளை அதட்டுவதிலேயே தீர்ந்துபோன மாதிரி இருப்பாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, பாயை எடுத்துண்டு போ" என்றாள். அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு ஒரு பெரிய உண்மை விளங்கியது. அந்த வீட்டில் இந்த விஷயத்தைப் பற்றிக் கேள்வி கேட்க ஆண்பிள்ளைகளுக்கு வாயே கிடையாது. நம்மை ஒதுக்கிவைக்க அவர்களுக்குத் தெரியும், ஏன் ஒதுக்கினோம் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. மாமனார் காதில் "தூரம்" என்கிற சொல் விழுந்தால் போதும், கையில் இருக்கும் செய்தித்தாள் முகத்துக்கு மேலே உயர்ந்துவிடும். என் கணவர் மட்டும் கவலை தாங்காமல் கிணற்றடிக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இப்பதானே... அதாவது, போன தடவை... லேடி டாக்டர் யாரையாவது பாக்கலாமா?"

"உஷ்ணம்" என்றேன்.

சொன்னது தப்பாகப் போயிற்று. மறுநாளிலிருந்து எனக்கு வைத்தியம் ஆரம்பமாயிற்று. கணவர் இளநீர் வாங்கி வந்தார். கரமனையிலிருந்து வெள்ளரிக்காய் வந்தது. மாமியார் வெந்தயம் ஊறவைத்த மோரைப் பெரிய டம்ளர் நிறையக் கலக்கி நிலைப்படியில் தள்ளினாள். வாயில் வைக்க முடியாத கசப்பு. பொய்க்கு வரி கட்டுகிறோம் என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். குடித்துவிட்டு பென்ஷன் விதிகளைப் படித்தேன். மாதாமாதம் இப்படியே நடந்தது. என் கணவர் தேங்காயிலிருந்து தேறி ரசத்துக்கு வந்திருந்தார்.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. கரமனை அக்காவின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனை செய்யவேண்டும் என்றாள். அந்தக் குடும்பத்தில் கணவனுக்கு முன்னால் செத்துப்போன பெண்களை நினைத்து, கல்யாணமான பெண்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுப் புடவை கொடுப்பது அந்தச் சடங்கு. உயிரோடு இருந்தபோது அவர்களை யாராவது ஒரு நாள் உட்காரவைத்துப் பரிமாறினார்களா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். சமைக்க வேண்டியது மருமகள். அவள் தூரமாக இல்லாத நாளாகப் பார்த்து வைக்கவேண்டும். அக்கா பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்தாள். நான்தான் மாதத்தில் இரண்டு முறை ஒதுங்குகிறவளாயிற்றே, மிச்சம் மீதி நாட்களில் கிழமையும் திதியும் பொருந்தி வந்தது ஒரே ஒரு புதன்கிழமை. அதைக் குறித்தாள்.

அடுத்த வாரம் எனக்கு ஹால் டிக்கெட் வந்தது. அதே புதன்கிழமை, காலை பத்து மணி.

நானே சொன்ன பொய், நாலு பக்கமும் அடைத்துக்கொண்டு அந்த ஒரு நாளில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. மறுபடியும் தூரம் என்று சொல்லவும் வழியில்லை. போன சனிக்கிழமைதான் குளித்துவிட்டு உள்ளே வந்திருந்தேன். கணவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"அக்காகிட்ட எப்படிச் சொல்றது? அடுத்த தடவை எழுதேன்."

"அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாதுன்னு நீங்கதானே தலையாட்டினேள்?"

 எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்குப் பரீட்சை, நான் போகிறேன், வீடு இடிந்து விழுந்தால் விழட்டும்.

புதன்கிழமை விடிந்ததும் கிணற்றடியில் குளித்து, ஈரப் புடவையோடு சமையலறை நிலைப்படிக்கு வந்தேன். உள்ளே அக்கா மடிசாரில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"நில்லு. உள்ள போகாதே."

நின்றேன். மாமியார் என்னைத் தாண்டி உள்ளே போய் மகளிடம் சொன்னாள். "இப்பதான் கிணத்தடியில சொன்னா. இவ ஆத்துக்கு தூரமாம்."

கிணற்றடியில் நான் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அக்கா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "சனிக்கிழமைதானேம்மா குளிச்சா?"

"அவ உடம்பு அவளுக்குத் தெரியாதா? நீ என்ன பஞ்சாங்கமா?"

"அப்ப பிரார்த்தனை?"

"அது பாட்டுக்கு நடக்கும். ஆனா இலை எடுக்கறவரைக்கும் இவ இந்த ஆத்துக்குள்ள இருக்கப்படாதாக்கும். கொல்லை ரூமும் வேண்டாம். எங்கயாவது போயிட்டு சாயங்காலமா வரட்டும்."

"வடைக்கு யார் அரைப்பா?"

"உனக்கு ரெண்டு கை இருக்கே. போறலைன்னா உன் தம்பியைக் குளிச்சுட்டு வரச் சொல்லு. நன்னா அரைப்பான்."

எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. மாமியார் திரும்பி என்னைப் பார்த்து, "இன்னும் என்ன நிக்கறே, போ" என்று அதட்டினாள். கொல்லை அறைக்கு ஓடினேன். அங்கே பாயின்மேல் என் ஆபீஸ் புடவை மடித்து வைத்திருந்தது. அதன்மேல் ஹால் டிக்கெட், பேனா, வாழையிலையில் கட்டிய இரண்டு இட்லி. வாழ்க்கையில் முதல் முறையாக அந்த அறையில் நின்று அழுதேன், அழுதுகொண்டே இட்லியைத் தின்றேன்.

பழவங்காடிப் பிள்ளையார் கோவில் முன்னால் ஒரு குழப்பம் வந்தது. பரீட்சைக்குப் போகிற எவரும் அங்கே ஒரு தேங்காயாவது உடைக்காமல் போகமாட்டார்கள். நானோ ஊரறியத் தூரம், உண்மையில் சுத்தம். இதில் பிள்ளையார் எதை எடுத்துக்கொள்வார்? என்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பார் என்று தோன்றியது. ஒன்றுக்கு இரண்டாக உடைத்துவிட்டு பஸ் ஏறினேன். பரீட்சைக் கூடத்தில் விழிஞ்ஞத்துக்காரி எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தாள். கேள்வித்தாளைப் புரட்டினால் லீவு விதிகள். இந்தத் தடவை அந்தப் பக்கம் ஒட்டியிருக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்து, சொன்ன பொய்க்கு மரியாதை கொடுத்துக் கொல்லை அறையில் உட்கார்ந்தேன். மாமியார் நிலைப்படியில் தட்டைத் தள்ளினாள். வடை இருந்தது. கல் மாதிரி இருந்தது, என் கணவர் அரைத்ததுதான். அவள் போகாமல் நின்றாள்.

"அம்மா, உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"முதல் தடவையே தெரியும். அதான் வெந்தயத்தை ஒரு பிடி ஜாஸ்தியாவே போட்டேன்."

"ஏம்மா சொல்லலை?"

நிலைப்படிக்கு அந்தப் பக்கம் மெல்ல உட்கார்ந்தாள். "சொன்னா, எனக்கு எப்படித் தெரியும்னு நீ கேப்பயே. நானும் மாசத்துல ரெண்டு தடவை இங்க வந்து உக்காந்தவதான்டி. கைக்குழந்தை ஒண்ணு, காலைக் கட்டிண்டு ஒண்ணு, முந்தானையைப் பிடிச்சுண்டு ஒண்ணு. படுத்தா பிடுங்குவா, நின்னா பிடுங்குவா. இந்த ரூமுக்கு மட்டும்தான் யாரும் வரமாட்டா." தட்டை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பிறகு சொன்னாள். "நீ படிச்சே. நான் தூங்கினேன். எனக்கு அதுக்கு மேல எதுவும் கேக்கத் தெரியலை."

எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. தொடக்கூடாதே என்று கையை இழுத்துக்கொண்டேன். பிறகு, இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று நிலைப்படியைத் தாண்டிப் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை.

நான் பாஸானேன். விழிஞ்ஞத்துக்காரியும் பாஸானாள். கரமனை அக்கா ஒரு டப்பா நிறைய லட்டு கொண்டுவந்தாள். "பிரார்த்தனை பண்ணின நாள்லயே எழுதியிருக்கே. செத்துப்போன பொம்மனாட்டிகள் ஆசீர்வாதமாக்கும்" என்றாள். அவள் சொன்னதில் நான் மனசார ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான். அந்தப் பெண்கள் எல்லோருக்கும் அந்த அறை தெரிந்திருக்கும். சம்பளம் கூடிய முதல் மாதம் நான் ஒரு ஃபேன் வாங்கிக் கொல்லை அறையில் மாட்டினேன். கணவர் ஏன் என்று கேட்க வாயெடுத்தார், எந்த விஷயம் என்று ஞாபகம் வந்ததும் மூடிக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஒரு காலை. மாமனார் செய்தித்தாளோடு இருந்தார். கணவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கல்யாண வேலை முடிந்து களைத்துப்போன அக்கா, ஓய்வெடுக்கலாம் என்று பிறந்த வீட்டுக்கு வந்து, வந்த இடத்திலும் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் மாமியார் சமையலறையிலிருந்து வெளியே வந்து, கரண்டியை என் கையில் கொடுத்தாள். அவளுக்கு அப்போது வயது அறுபது தாண்டியிருந்தது.

"நான் ஆத்துக்கு தூரம்" என்றாள்.

தலையணையையும் ஒரு வாரப் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டாகக் கடந்து, கொல்லை அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. மாமனாரின் செய்தித்தாள் வழக்கம்போல உயர்ந்தது. கணவர் என்னைப் பார்த்தார், நான் கரண்டியைப் பார்த்தேன். பிறகு அவர் டம்ளரை வைத்துவிட்டு, தேங்காய் உடைக்க எழுந்து போனார்.

அக்கா மட்டும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கணக்குத் தெரியும். விரல்விட்டு எண்ணவேண்டிய கணக்குக்கூட இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பின்னாலேயே சமையலறைக்குள் வந்தாள். இப்போது சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவள் காதோடு காதாகக் கேட்டாள்.

"ஏண்டி, அந்த ரூம்ல ரெண்டு பாய் போட எடமிருக்கோ?"

"இருக்கு அக்கா" என்றேன். "ஃபேனும் இருக்கு."